மேசை இலக்கம் பன்னிரண்டு

உலகத் தமிழர் எல்லோரையும் பிடித்திருக்கும் சொந்தம் என்கிற வியாதியிலிருந்து முழுமையாகக் குணமடைந்த முதல் மனிதன் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் வருகிற ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டும் என்று பதிவுசெய்கிறேன்.

வியாதி முற்றிய நிலையில் இருப்பவர் என் அம்மா ஜெனாட். கனடாவில் எங்கள் ஸ்காபரோ மரக்கறிக்கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தாலே அவருக்குக் காய்ச்சல் தொடங்கிவிடும். "நீங்கள் எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?" ஊர் எது, யாருடைய பிள்ளை, இரண்டே கேள்விகள்தான். பிறகு அந்த மனிதர் தப்ப முடியாது. அவருடைய மாமனாரின் தம்பி யாழ்ப்பாணம் குருநகரில் எந்தத் தெருவில் கலியாணம் கட்டினார் என்பது வெளியே வரும். அதே தெருவில் அம்மாவுக்கு ஒரு சித்தப்பா இருந்திருப்பார். கறிவேப்பிலைக் கட்டைப் பிடித்தபடி இருவரும் கண்கலங்குவார்கள். நான் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்திருக்கிறேன். சராசரி மூன்று நிமிடம் நாற்பது செக்கன். அம்மா இதுவரை தோற்றது மருந்துக்கடையில் வேலை செய்யும் பிலிப்பினோப் பெண்ணிடம் மட்டும்தான். அந்த வழக்கையும் அவர் இன்னும் மூடவில்லை. இரண்டு பேரும் கத்தோலிக்கர், ஏதாவது ஒரு பாதிரியார் வழியாக வரலாம் என்று நம்புகிறார்.

இதையெல்லாம் நான் கல்லூரிப் பத்திரிகையில் எழுதினேன். முன்பின் தெரியாதவர்களைச் சித்தப்பா ஆக்கும் ஒரு கருவியைக் கண்டுபிடித்திருப்பதாகவும், அது எங்கள் வீட்டுக் குசினியில் மின்சாரம் இல்லாமலே இயங்குவதாகவும் விளம்பரம் போலப் போட்டேன். யாரோ அம்மாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் கோபிக்கவில்லை. அந்தப் பத்திரிகையை நடத்துகிறவன் ஆற்றை பிள்ளை என்று மட்டும் விசாரித்தார்.

நான் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. யாராவது என்னைக் கேட்டால், எனக்கு ஊர் கிடையாது, பஸ் பாஸ் மட்டும் இருக்கிறது என்று சொல்வேன். முகம் சுருங்கிப் போய்விடுவார்கள். சுகமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு விழா மண்டபத்தில் மைக்கும் பாட்டும் பார்க்கிறேன். ரயர்க் கடைக்கும் வருமான வரி எழுதிக் கொடுக்கிற அலுவலகத்துக்கும் நடுவே இருக்கிற ஹோல் அது. நடத்துகிறவர் நவரட்ணம் அண்ணை. ரொறன்ரோவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம் உண்டு. பெரிய ஊர்களுக்கு இரண்டு, ஏனென்றால் தலைவராக இரண்டு பேர் விரும்பியிருப்பார்கள். அத்தனை சங்கங்களும் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஹோலில்தான் சாப்பிடும். அதனால் நவரட்ணம் அண்ணைக்கு எல்லோரையும் தெரியும், யாரோடும் பகை கிடையாது.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்று. முதல்நாள் பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்திய வீடு நடந்து முடிந்திருந்தது. மேடையில் அன்னப்பறவைச் சிம்மாசனமும் பிளாஸ்டிக் தாமரைகளும் அப்படியே நின்றன. ஆறு மணிக்கு ஒரு பிறந்தநாள் இருந்தது. இடையில் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை யாரோ வேலைவாய்ப்புச் சந்திப்பு வைக்கப்போவதாகவும், பெயர்களை வாசிக்க மைக்கில் ஒரு ஆள் தேவை என்றும் நவரட்ணம் அண்ணை சொன்னார்.

வந்தவர் சச்சிதானந்தன். சாம்பல் நிறக் கோட், ஐம்பது வயது மதிக்கலாம், நோயாளியைப் பார்க்க வந்தவர்போல மெல்லிய குரல். திருவிழா மலர்ப் புத்தகங்களில் வாழ்த்துச் சொல்லி முழுப்பக்க விளம்பரம் போடுகிறவர். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பெயர் கேட்டார். றொய்சன் என்றேன். எந்த ஊர், ஆற்றை மகன் என்று கேட்டார். பஸ் பாஸ் பதிலைக் கொடுத்தேன். வாழ்க்கையில் அந்தப் பதிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் மனிதர் அவர்.

"அப்ப இஞ்சை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை அங்கிள். எல்லாரையும் நிப்பாட்டியாச்சு."

அவர் என் கன்னத்தில் தட்டினார். "நல்லது. உம்மைப்போல பிள்ளையள்தான் எனக்குத் தேவை."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு வான்கள் பின்பக்கமாக வந்து குசினி வாசலோடு ஒட்டி நின்றன. பதினான்கு பேர் இறங்கினார்கள். எல்லோரும் தமிழர். ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். சிலருக்கு மெல்லிய ஜக்கெட், சிலருக்கு அதுவும் இல்லை. வானை ஓட்டி வந்தவன் கடைசியாக உள்ளே வந்து குசினிக் கதவை மூடி அதில் சாய்ந்துகொண்டான். பதினான்கு பேரும் சுவரோரமாகக் கதிரைகளில் இருந்தார்கள். முதல்நாள் மிஞ்சிய மட்டன் ரோல்ஸ் ஒரு தட்டு நிறைய மேசையில் இருந்தது. யாரும் கை வைக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. யாருமே பேசவில்லை.

ஏதோ ஒன்று சரியில்லை என்று முதலில் பட்டது. பிறகுதான் விளங்கியது. பதினான்கு தமிழர் ஒரு கூரையின் கீழ் கால் மணிநேரமாக இருக்கிறார்கள், ஒருவர்கூட ஒருவரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. நான் இருபது வருடமாக ஆசைப்பட்ட சமுதாயம் கண்முன்னே இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

சச்சிதானந்தன் எங்கள் மேசை இலக்கப் பலகைகளைக் கேட்டு வாங்கினார். கலியாணங்களில் இன்ன மேசை இன்ன ஆட்களுக்கு என்று வைக்கிற, பொன்னிறக் காலில் நிற்கும் சின்னப் பலகைகள். ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார். வரிசையாகக் கொடுக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்களை எழுப்பித் தூரத் தூர இருத்தி, யோசித்து யோசித்துக் கொடுத்தார்.

பிறகு முன்வாசலால் மூன்று பேர் வந்து முன்மேசையில் இருந்தார்கள். ஒருவர் கட்டம் போட்ட சட்டைக்காரர், நாலு மணிநேரம் தென்மேற்கே தக்காளி வளர்க்கிற கண்ணாடிக் கூடாரங்கள் வைத்திருப்பவர். இன்னொருவர் ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு காளான் பண்ணையிலிருந்து வந்தவர். மூன்றாவது ஒரு பெண், பிறம்ரன் நகரத்துக்காரி, தமிழ். நல்ல கோட், முத்துத் தோடு. அவவைப் பார்த்தவுடன் என் வாய் தானாகவே "வணக்கம் அன்ரி" என்றது. அவ என்னைப் பார்த்துச் சிரித்து, நான் மெலிந்துவிட்டேன் என்றா. முன்பின் கண்டதில்லை.

என் வேலை இலகுவானது. சச்சிதானந்தன் தந்த பட்டியலைப் பார்த்து இலக்கத்தைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவர் மேடைக்கு வந்து, அன்னப்பறவைக்கு முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் காட்டி, ஒருமுறை திரும்பி, சோடாப் பெட்டி ஒன்றைத் தூக்கி இறக்க வேண்டும். முன்மேசையில் இருப்பவர்கள் சின்னத் துண்டுகளில் ஏதோ எழுதி மடித்துக் கொடுப்பார்கள். சச்சிதானந்தன் மூன்றையும் விரித்துப் பார்ப்பார், ஒன்றை மட்டும் சட்டைப் பைக்குள் வைப்பார். பிறகு அந்த ஆளை, முன்மேசைக்காரர் ஆளுக்கொன்று என்று ஒதுக்கிய மூன்று மூலைகளில் ஒன்றுக்குப் போகச் சொல்வார்.

"மூன்றாம் இலக்கம்" என்றேன். பிறகு "ஒன்பதாம் இலக்கம்" என்றேன். என் குரல் எட்டு ஒலிபெருக்கிகளிலும் கம்பீரமாகக் கேட்டது.

அந்த வாரம்தான் வரலாற்று வகுப்பில் ஒரு பழைய அறிவித்தலைத் திரையில் காட்டியிருந்தார்கள். தோட்டம் ஒன்றில் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களை ஏலம் விட அச்சடித்த பட்டியல். ஒரு வரிக்கு ஒரு ஆள். இலக்கம், பெயர், வயது, என்ன வேலைக்கு ஆகும் என்ற விபரம். ஒரு தாய் ஒரு வரியில் இருந்தாள், அவளுடைய பிள்ளை ஐந்தாறு வரி தள்ளி இருந்தது. வாங்க வந்தவன் ஒரு வரியை வாங்கி மற்ற வரியை விட்டுவிட்டுப் போகலாம் என்று ஆசிரியை சொன்னார். நான் அப்போது கொப்பியின் ஓரத்தில் ஆசிரியையின் மூக்கைக் கீறிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் பட்டியல் என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நாலாம் இலக்கம் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். பெட்டியைத் தூக்கினார். கட்டச் சட்டைக்காரர் இன்னொரு பெட்டியை மேலே வைக்கச் சொன்னார். அதையும் தூக்கினார். அவர் முழங்கால் ஆடியபோது சுவரோரத்தில் பன்னிரண்டாம் இலக்கத்தைப் பிடித்திருந்த பெண்பிள்ளை பாதி எழும்பினாள். சச்சிதானந்தன் திரும்பிப் பார்த்தார், உடனே இருந்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கும் நாலாம் இலக்கத்துக்கும் ஒரே நெற்றி. எட்டாம் இலக்கத்தை வைத்திருந்த பெண் மட்டும் இருவரையும் பார்க்காமல் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அவ்வளவு கவனமாக நிலத்தைப் பார்க்கிறவர்களை நான் கண்டதில்லை. மேல் பெட்டி நழுவி விழுந்து இரண்டு ரின் சோடா வெடித்தது. நாலாம் இலக்கம் தக்காளி மூலைக்குப் போனார். என்னை வேறு பெட்டி கொண்டுவரச் சொன்னார்கள்.

களஞ்சிய அறை கழிவறைக்குப் பக்கத்தில், குசினி வாசலில் நிற்கும் வான்காரனின் கண்ணுக்கு எட்டாத திருப்பத்தில் இருக்கிறது. நான் பெட்டியைத் தூக்கும்போது பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. எட்டாம் இலக்கம். கழிவறைக்கு என்று கேட்டு வந்திருக்கிறா. பலகையையும் கையோடு கொண்டுவந்திருந்தா.

அந்த நிலைமையிலும் அவ கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?" என்பதுதான்.

வேறு நாளென்றால் பஸ் பாஸைக் காட்டியிருப்பேன். அன்றைக்கு எனக்குப் பகிடி வரவில்லை. "ஜெனாட்டின்ரை மகன்" என்றேன். "குருநகர்."

அவ அதைத் தலையாட்டி வாங்கிக்கொண்டா. பிறகு அவசரமாக, குரல் எழும்பாமல் சொல்லத் தொடங்கினா. பெயர் எமில்டா. ஊர் மன்னாரில் தாழ்வுபாடு. நாலாம் இலக்கம் அவவுடைய கணவர் அமிர்தநாதர். பன்னிரண்டு அவர்களுடைய மகள் ஸ்டெபனி, பதினாறு வயது. பண்ணை வேலை, முறையான கடிதம், மூன்று பேருக்கும் ஒரே இடம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். விமான நிலையத்தில் சச்சிதானந்தன் பூங்கொத்தோடு நின்றார். இங்கே சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ என்று அவ்வளவு அன்பாக விசாரித்தார். இவர்கள் உருகிப்போனார்கள். தேடிப் பிடித்துக் கொடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஒருத்தரும் இல்லை, நீங்கள்தான் எங்களுக்கு எல்லாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சனத்தின் சரித்திரத்தில் அந்தக் கேள்வியைச் சொந்தம் கண்டுபிடிக்கும் நோக்கமில்லாமல் கேட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடவுச்சீட்டுகளை அன்றைக்கே வாங்கிவிட்டார். மூன்று மாதமாக ஒஷாவாவில் ஒரு வீட்டின் நிலவறையில் இருபது பேர். விடியமுன் வேலைக்கென்று வானில் ஏற்றிப்போய், இருண்டபின் கொண்டுவந்து இறக்குவார்கள். இன்றைக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார். குடும்பம் ஒரே இடத்தில் இருந்தால் ஓடிவிடும், ஆளுக்கொரு இடத்தில் இருந்தால் ஒருவரும் ஓட மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

"முதல் கிழமை எங்களோடை ஒரு பெடியன் இருந்தவன், தம்பி. அவனுக்கு மார்க்கம் எண்ட இடத்திலை ஒரு மாமா இருக்கிறார் எண்டு தெரிஞ்ச அண்டைக்கே பாஸ்போட்டைக் கையிலை குடுத்து றோட்டிலை இறக்கிவிட்டிட்டார். ஆள் இருக்கிறவையை அவர் வைச்சிருக்க மாட்டார். எங்களுக்குத்தான் ஆள் இல்லை."

நான் பொலிசுக்கு அடிக்கிறேன் என்று தொலைபேசியை எடுத்தேன். அவ என் மணிக்கட்டைப் பிடித்தா. அவவுடைய கை சோடா ரின்னைவிடக் குளிராக இருந்தது. பொலிஸ் வந்தால் பெற்றோரை ஒரு விமானத்தில் ஏற்றிவிட்டுப் பிள்ளையை இங்கே யாரிடமாவது ஒப்படைத்துவிடுவார்கள் என்று சச்சிதானந்தன் தினமும் சொல்லுவாராம். அப்படி இருக்காது என்று சொன்னேன்.

"இருக்காதெண்டு உமக்கு வடிவாத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. நான் ஊடகவியல் இரண்டாம் வருடம்.

"பன்னிரண்டைக் கூப்பிடாதையும்" என்றா எமில்டா. "உந்தப் பிறம்ரன் மனிசிக்கெண்டுதான் பிள்ளையை வைச்சிருக்கிறார். வானுக்குள்ளை கதைச்சவை. போனாளெண்டா எந்த வீடு எண்டுகூட எங்களுக்குச் சொல்ல மாட்டினம்."

வான்காரனின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவ கழிவறைக்குள் போய்த் தண்ணீரை இழுத்துவிட்டா. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடந்து வந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் சோடாப் பெட்டியில் எழுதியிருந்ததைத் தீவிரமாக வாசித்தேன்.

நவரட்ணம் அண்ணை கேக் மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்தார். போகிற போக்கில் அவரிடம், இது வேலைவாய்ப்பு இல்லை அண்ணை என்றேன். அவர் துணியில் இல்லாத சுருக்கத்தைத் தடவினார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, அல்லது அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. மைக்கைப் பிடித்துச் சொல்வதைச் சொல், மூன்று மணிக்கு முடிந்துவிடும் என்று முணுமுணுத்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே வீரம் தாமதம்தான். அதைச் செய்தேன். பற்றரி மாற்றினேன். பற்றரி நல்லாக இருந்ததால் பழையதையே திரும்பப் போட்டேன். ஒலிபெருக்கியைக் கீச்சிட வைத்தேன். பதினாலைக் கூப்பிட்டேன், இரண்டைக் கூப்பிட்டேன். எட்டைக் கூப்பிட வேண்டி வந்தது, கூப்பிட்டேன். எமில்டா பெட்டியைத் தூக்கினா, உள்ளங்கைகளைக் காட்டினா, காளான் மூலைக்குப் போனா. அவ என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது, அல்லது நல்லதில்லை. கையில் இருந்த பட்டியல் ஈரமாகிவிட்டது.

"தம்பி" என்றார் சச்சிதானந்தன், எழும்பாமலே. "பன்னிரண்டு."

நான் பட்டியலைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தேன்.

"பன்னிரண்டு, தம்பி" என்றார் திரும்பவும், இன்னும் மென்மையாக. வான்காரன் கதவிலிருந்து முதுகை எடுத்தான்.

கூப்பிட்டேன். இதை மறைத்து எழுதலாம்தான். "பன்னிரண்டாம் இலக்கம்" என்று என் வாய் சொன்னது, எட்டு ஒலிபெருக்கிகளும் அதைச் சொல்லின.

ஸ்டெபனி மேடையில் ஏறினாள். அவளைப் பெட்டி தூக்கச் சொல்லவில்லை. பிறம்ரன் அன்ரி தானே எழுந்து போனா. சின்னப் பிள்ளைகளைப் பார்க்கத் தெரியுமா என்று சிரித்தபடி கேட்டா. பிள்ளையின் பின்னலைத் தூக்கிப் பிடரியில் பேன் இருக்கிறதா என்று விரலால் பிரித்துப் பார்த்தா. பிறகு, கால் நோகும், இரும் என்று அன்னப்பறவைச் சிம்மாசனத்தைக் காட்டினா. அந்தப் பிள்ளை அதன் விளிம்பில், விழுந்துவிடுவதுபோல இருந்தது. பலகையை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தது. தக்காளி மூலையில் அமிர்தநாதர் வாயைத் திறந்து மூடினார். எமில்டா இப்போது நிலத்தைப் பார்க்கவில்லை.

அன்ரி கைப்பையிலிருந்து பேனையை எடுத்துத் துண்டில் எழுதி, இரண்டாக மடித்து நீட்டினா. சச்சிதானந்தனின் கை அதை நோக்கிப் போனது.

"அங்கிள்" என்றேன். "உவ என்ரை தங்கச்சி."

நான் மெல்லத்தான் சொன்னேன். மைக் கையில் இருந்ததை மறந்துவிட்டேன். ஹோல் முழுக்க உவ என்ரை தங்கச்சி என்று முழங்கியது. நவரட்ணம் அண்ணையின் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்தது.

சச்சிதானந்தன் துண்டை வாங்கவில்லை. என் மேசைக்கு நடந்து வந்தார். அவசரப்படவில்லை.

"உமக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையெண்டீர்."

"பகிடிக்குச் சொன்னனான். உது எமில்டா சின்னம்மா. உங்காலை நிக்கிறது சித்தப்பா."

"எப்பிடிச் சொந்தம்?"

அவர் சும்மா கேட்கவில்லை. இந்தக் கேள்வியில் அவர் என் அம்மாவைவிடக் கெட்டிக்காரர், அதை வைத்துத்தானே பிழைக்கிறார். நான் ஒருபோதும் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆனால் மரக்கறிக்கடை வரிசைகளில் அம்மாவுக்குப் பின்னால் கூடை தூக்கி நின்ற வருடங்களில் எல்லாம் எனக்குள் ஒழுகி இறங்கியிருக்கிறது. வாயைத் திறந்தேன், வந்தது. அம்மாவின் சித்தப்பா சூசைப்பிள்ளை குருநகரிலிருந்து கரைவலைக்குப் போனவர், தாழ்வுபாட்டில் பெண் எடுத்தார், ஐந்து பிள்ளைகள், கடைசிப் பெண் எமில்டா, அவவின் ஞானத்தாய் எங்கள் அம்மாவின் அம்மாவுடைய தங்கச்சி. சூசைப்பிள்ளை உண்மை. வலையும் உண்மை. மிச்சத்துக்கு நான் பொறுப்பு.

அவர் காளான் மூலைக்குத் திரும்பினார். "உம்மடை அக்கான்ரை பேர் என்ன?"

"ஜெனாட்டக்கா" என்றா எமில்டா. கண் இமைக்கவில்லை. "குருநகர்."

"எயாப்போட்டிலை நான் கேட்டனான். ஏன் சொல்லேல்லை?"

எமில்டா என்னைப் பார்த்தா, நான் பட்டியலைப் பார்த்தேன். அன்று முழுவதும் ஒரு சொல்லும் பேசாத அமிர்தநாதர் அப்போதுதான் தொண்டையைச் செருமினார்.

"நாங்கள் கோவம்" என்றார். "கதை பேச்சில்லை. காணிப் பிரச்சினை."

சச்சிதானந்தனின் முகத்திலிருந்து அப்போதுதான் சந்தேகம் போனது. கடவுச்சீட்டு, கடிதம், கையெழுத்து எதையும் அவர் இலேசில் நம்புகிறவர் இல்லை. ஆனால் காணிப் பிரச்சினையை நம்பாத ஒரு தமிழன் இனித்தான் பிறக்க வேண்டும்.

"அம்மா மூண்டு மணிக்கு என்னை ஏத்த வாறா" என்றேன். "இவையைக் கண்டா என்ன செய்வாவோ தெரியாது. ஊர்ச் சங்கத்து ஆக்கள் ரெண்டு பேரும் காரிலை வருகினம்."

அம்மா அன்றைக்கு ஏழு மணிவரை இரட்டை வேலை. சங்கத்துக்கு எந்த நிறக் கார் என்றுகூட எனக்குத் தெரியாது. சச்சிதானந்தன் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டேகால். யோசித்தார். அவர் யோசித்த அந்த நேரத்தை நான் பிடிக்கவில்லை, எவ்வளவு என்று சொல்ல முடியாது. பிறகு அவர் கோட்டுக்கு உள்ளே இருந்து ஒரு தோல் பையை எடுத்துத் திறந்து, கடவுச்சீட்டுகளைப் புரட்டி, மூன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். யாருடைய கையிலும் கொடுக்கவில்லை.

"முன்னமே சொல்லியிருக்கலாம்" என்றார், உண்மையிலேயே மனம் நொந்தவர்போல. "குடும்பங்களைப் பிரிக்கிற ஆள் இல்லை நான்."

பிறம்ரன் அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டார், அடுத்தமுறை பார்ப்போம் என்றார். கட்டச் சட்டைக்காரருக்கு ஆங்கிலத்தில் ஏதோ பத்திரச் சிக்கல் என்று விளக்கினார். ஸ்டெபனி சிம்மாசனத்திலிருந்து இறங்கி நடந்து வந்தாள், கடைசி நாலைந்து அடியை ஓடி வந்தாள். எமில்டா அவளுடைய கைச்சட்டையைத்தான் பிடித்தா, கையைப் பிடிக்கவில்லை. கையைப் பிடித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற மூன்று மாதப் பழக்கம். மூன்று பேரும் என் மேசைக்கு அருகே ஒட்டி நின்றார்கள். யாரும் அழவில்லை. வெளியே போகவும் துணியவில்லை. வான்காரன் இன்னும் கதவில்தான் நின்றான்.

"தொடங்கும் தம்பி" என்றார் சச்சிதானந்தன், தன் கதிரைக்குத் திரும்பியபடி. "ஐஞ்சு."

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு முன்வாசலால் போயிருப்பான். நானும் அதைத்தான் நினைத்தேன். மூன்று மணிக்கு எந்தக் காரும் வரப்போவதில்லை, அதற்குப் பிறகு இந்த மனிதருக்கு எல்லாம் விளங்கிவிடும். கடவுச்சீட்டுகளை எமில்டாவிடம் தள்ளினேன். கோட்டை எடுத்தேன். அப்போது நிமிர்ந்து பார்த்ததுதான் பிழை.

பதினொரு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலைகளில் நின்றவர்கள், இன்னும் சுவரோரத்தில் இருந்தவர்கள், எல்லோரும். ஐந்தாம் இலக்கப் பலகையை வைத்திருந்தது முப்பது வயதுப் பெண் ஒருத்தி. எழும்பச் சொல்லிக் கூப்பிடும் குரலுக்காகக் காத்திருந்தா.

மைக்கை நிறுத்தி மேசையில் வைத்தேன். சுவரோரம்வரை நடந்தேன். பின்னால் கதிரை ஒன்று நிலத்தில் உராயும் சத்தம் கேட்டது. தம்பி என்று அந்த மெல்லிய குரல் கூப்பிட்டது. நான் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அக்கா" என்றேன். "நீங்கள் எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?"